வெளியூர் ட்ரம்மர், உள்ளூர்ப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். குரல், கிடார், வயலின், புல்லாங்குழல் எல்லாம் இங்கேயே பதிவு செய்துவிடலாம். ட்ரம்ஸ் மட்டும் முடியாது. அறை சிறியது. அக்கம்பக்கத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. ட்ரம்ஸுக்கு வைக்கும் எட்டுப் பத்து மைக்கிலும் தறிச் சத்தம் ஏறிவிடும். அதனால் பல வருடமாகவே சென்னை, கோவை, பெங்களூரு ட்ரம்மர்களுக்குப் பாட்டை அனுப்பி, அவர்கள் அங்கே வாசித்துப் பதிவு செய்ததை வாங்கி இங்கே மிக்ஸ் செய்கிறேன்.

ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம் பக்கமிருந்து சொந்தப் பாட்டோடு வருகிறவர்கள் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

அண்ணா, நேர்ல போகாம எப்படிங்க ட்ரம்ஸ் ரெக்கார்டு பண்றது? அவர் அங்க, நான் இங்க.

உங்கள் பாட்டின் மாதிரிப் பதிவு ஒன்றை அவருக்கு அனுப்புகிறீர்கள். இதைக் கைடு ட்ராக் என்போம். அவர் தன் ஸ்டுடியோவில் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார். கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்னேர் (படபடவென்று ஒலிக்கும் சின்ன ட்ரம்), சிம்பல் (உலோகத் தட்டு) என்று ஒவ்வொன்றுக்கும் வைத்த மைக் தனித்தனிக் கோப்பாகப் பதிவாகிறது. அந்தக் கோப்புகளை இணையத்தில் ஏற்றி அனுப்புகிறார். உங்கள் கணினியில் பாட்டின் தொடக்கப் புள்ளியில் கொண்டுவந்து வைத்தால், பக்கத்து அறையில் உட்கார்ந்து வாசித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு பெரிய வித்தியாசம். நேரில் இருந்தால் அவர் வாசிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பார். தலையாட்டினால் அதையே பிடித்துக்கொள்வார், முகம் சுளித்தால் மாற்றுவார். தொலைவில் இருப்பவருக்கு அந்த முகம் கிடையாது. முகம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் நீங்கள் முன்கூட்டியே கோப்பாகவும் எழுத்தாகவும் தர வேண்டும். கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றியவைதான்.

ஆக்டோபேடே போதாதுங்களா? பேட்ல வராத சத்தமா?

பாட்டைப் பொறுத்தது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் நம் ஊர்க் கச்சேரி மேடைகளில் குச்சியால் தட்டும் மின்னணுப் பேடான ஆக்டோபேட்தான் பாதித் தாளத்தைச் சுமக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குத்துப் பாட்டு, லூப் வைத்து ஓடும் நடனப் பாட்டு என்றால் பேடும் மென்பொருளும் போதும். ட்ரம்மருக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நானே சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கிடாரும் குரலுமாக மெதுவாகத் தொடங்கி வளர்கிற பாட்டு, ராக், தேவாலயக் கொயர் பாட்டு, இவற்றில் ஆள் வாசித்தது தனியாகத் தெரியும். ஸ்னேரில் பெரிய அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் விழும் சின்னத் தட்டுகள், காலால் மிதிக்கும் இரட்டைத் தட்டான ஹைஹேட் பாதி திறந்து மூடுகிற மூச்சு, இரண்டாம் முறை பல்லவி வரும்போது கை தானாகக் கொஞ்சம் ஏறுவது. மென்பொருளில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைக்கவும் முடியும். நான் எழுதியிருக்கிறேன், ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் போகும். நல்ல ட்ரம்மர் அதை நாலு நிமிடத்தில் வாசித்துவிடுகிறார்.

எவ்வளவு ஆகும் சார்?

பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். ஆளின் அனுபவம், அவர் அறை, மைக்குகள், திருத்தங்களின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து தொகையைத் தீர்மானிக்கும். விலை கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை டேக் (ஒரு முறை வாசித்த முழுப் பதிவு) தருவார், எத்தனை தடவை திருத்தித் தருவார், எத்தனை நாள் ஆகும், முக்கியமாக, தனித்தனி மைக் கோப்புகள் வருமா அல்லது கலந்து முடித்த ஒரே ஸ்டீரியோ கோப்பா. ஸ்டீரியோ மட்டும் வாங்கினால் செலவு குறையலாம். ஆனால் பின்னால் ஸ்னேரை மட்டும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று தோன்றினால் வழியில்லை.

பாதி முன்பணம், முன்னோட்டம் கேட்டுத் திருப்தியான பிறகு மீதி, அதன்பின் முழுக் கோப்புகள். இதுதான் நான் கடைப்பிடிக்கும் முறை, இரண்டு பக்கத்துக்கும் நியாயமானது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் பில்லில் 18% சேரும், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ட்ரம்மரை சவுண்ட்பெட்டர் போன்ற தளம் வழியாகப் பிடித்தால், பணம் தளத்திடம் இருந்து வேலை முடிந்த பிறகு அவருக்குப் போகும். முதல் தடவை ஒருவரோடு வேலை செய்யும்போது அது நிம்மதி.

போன்ல பாடி அனுப்பினா போதும்ங்களா?

பாட்டு அவருக்குப் பிடிக்கிறதா, நேரம் இருக்கிறதா என்று கேட்பதற்குப் போதும். வாசிப்பதற்குப் போதாது.

அப்ப என்னென்னதான் அனுப்பணும்? தெளிவா சொல்லுங்க.

முதலில் கைடு ட்ராக். குரலும் ஒரு கிடாரோ கீபோர்டோ இருந்தால் போதும், பாஸ் கிடார் இருந்தால் இன்னும் நல்லது. ட்ரம்மரின் வலது கால் பாஸோடுதான் பேசும். குரல் ஒரு கோப்பு, வாத்தியங்கள் ஒரு கோப்பு, க்ளிக் (வேகம் காட்டும் டிக் டிக் சத்தம்) ஒரு கோப்பு என்று பிரித்து அனுப்புங்கள். எதை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று அவர் தன் ஹெட்போனில் பார்த்துக்கொள்வார். நீங்கள் தற்காலிகமாக மென்பொருளில் போட்ட ட்ரம்ஸ் இருந்தால் அதுவும் தனிக் கோப்பாகப் போகட்டும். வாத்தியங்களோடு கலந்து அனுப்பிவிட்டால் அவர் எதன்மேல் வாசிக்கிறார் என்றே அவருக்குக் கேட்காது. இந்தத் தவறு என் மேசைக்கு வரும் பாட்டுகளில் அடிக்கடி இருக்கிறது.

எல்லாக் கோப்பும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். கிடார் மூன்றாவது பாரில், அதாவது தாளத்தின் மூன்றாவது சுற்றில்தான் வருகிறது என்றாலும் கோப்பு முதல் பாரிலிருந்தே, வெறும் அமைதியோடு, தொடங்கட்டும். பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் வெறும் க்ளிக் ஓடட்டும், அவர் மூச்சு வாங்கிக்கொள்ள.

அப்புறம் ஒரு பக்கத் தாள். வேகம் எத்தனை பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி), தாளம் என்ன, முன்னிசை எத்தனை பார், பல்லவி எத்தனை, சரணம் எத்தனை, எங்கே எல்லாம் நின்று தொடங்குகிறது, எங்கே முடிகிறது. பாட்டு வரிகளையும் சேருங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் இரண்டு வரியில் அர்த்தமும் எழுதுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

எம்பி3 அனுப்பலாமா? வாட்ஸப்லயே போயிடும்ல?

கேட்டுப் பார்க்க எம்பி3 சரி. வாசிக்கச் சுருக்காத வேவ் கோப்புதான். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையில் பொதுவாக ஒரு 25 மில்லி நொடி அளவுக்கு வெற்றிடம் சேர்ந்துவிடும். சில மென்பொருள் அதைக் கழித்துவிடும், சில கழிக்காது. அவர் அந்தத் தள்ளலோடு வாசித்து அனுப்பினால், இங்கே உங்கள் அசல் பாட்டின்மேல் வைக்கும்போது ட்ரம்ஸ் முழுக்கச் சோம்பலாகப் பின்னால் இழுக்கும். கெட்ட ட்ரம்மர் என்று அவரைத் திட்டுவீர்கள், பாவம்.

வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். ஆனாலும் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எல்லாவற்றையும் வைத்து இணைப்பை அனுப்புவதே சுத்தம். எது கடைசி வடிவம் என்ற குழப்பம் வராது.

44.1ஆ 48ஆன்னு கேக்கறார். எதைச் சொல்றது?

இது சாம்பிள் ரேட், நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளந்து பதிவு செய்வது என்ற எண். உங்கள் பாட்டு கணினியில் எதில் தொடங்கப்பட்டதோ அதையே. ஆழம் 24 பிட். வீடியோவோடு போகிற பாட்டு என்றால் 48 பழக்கம். எது என்பதைவிட இரண்டு பேரும் ஒன்றையே வைத்திருப்பதுதான் முக்கியம்.

ஒரு முறை 48இல் வந்த ட்ரம்ஸை என் 44.1 பாட்டில் மென்பொருள் மாற்றாமலே திறந்துவிட்டது. நாலு நிமிடப் பாட்டின் ட்ரம்ஸ் 4 நிமிடம் 21 நொடி ஓடியது. சத்தமும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கி, ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. காரணம் தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். ட்ரம்ஸ் வந்ததும் முதலில் அதன் நீளத்தைப் பாருங்கள். நீளம் பொருந்தவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம்.

க்ளிக் இல்லாமயே கிடாரும் பாட்டும் எடுத்துட்டேன். இனிமே ட்ரம்ஸ் போட முடியுமா?

முடியும், கொஞ்சம் உழைப்பு இருக்கிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு பாட்டோடு வந்தார். ராத்திரி வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பாடியது. தொடங்கும்போது 88இல் இருந்தது, மூன்றாவது சரணத்தில் 94க்கு ஏறி, கடைசிப் பல்லவியில் மறுபடி இறங்கியது. திரும்பப் பாடச் சொல்லிப் பார்த்தோம். க்ளிக்கோடு பாடியதில் வேகம் சரியாக இருந்தது, பாட்டு செத்திருந்தது. பழையதையே வைத்துக்கொண்டோம்.

பாட்டின் 90 பாரிலும் முதல் அடி எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். அந்தக் குறிகளை வைத்து மென்பொருள் அவரோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு க்ளிக்கை உருவாக்கும். இதற்கு டெம்போ மேப் என்று பெயர். அதை மிடி (சத்தம் இல்லாமல் குறிகள் மட்டும் உள்ள) கோப்பாகவும், க்ளிக் சத்தமாகவும் இரண்டு விதத்தில் ட்ரம்மருக்கு அனுப்பினேன். வாசித்து முடித்துவிட்டு அவர் போன் செய்தார்: “தம்பி எங்க ஓடறார்னு தெரிஞ்சுது, நானும் கூடவே ஓடிட்டேன்.”

ஆனால் வேகம் உணர்ச்சியால் ஏறாமல், கை பழகாததால் பாருக்குப் பார் தள்ளாடுகிறது என்றால் மேப் உதவாது. அப்போது க்ளிக்கோடு திரும்ப எடுங்கள்.

6/8 பாட்டுங்க. கால் தட்டிப் பார்த்தா 76 வருது, அவர் 114ங்கறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. நம் கால் ஒரு பாருக்கு இரண்டு தட்டு தட்டும்; ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகிட என்று மூன்று அட்சரம். பெரும்பாலான மென்பொருள் எண்ணுவதோ இரண்டிரண்டு அட்சரமாக, ஒரு பாருக்கு மூன்று. ஆகவே 76ஐ ஒன்றரையால் பெருக்கினால் 114. நம் நாட்டுப்புற மெட்டுகளில் பாதிக்கு மேல் இந்த நடையில்தான் இருப்பதால் இந்தக் குழப்பம் வந்துகொண்டே இருக்கும். எண்ணை மட்டும் எழுதி அனுப்பாமல் க்ளிக் சத்தத்தையே கோப்பாக அனுப்பச் சொல்வது இதற்காகவும்தான்.

எங்க பாட்டு முதல் அடியில ஆரம்பிக்காது, கொஞ்சம் தள்ளித்தான் எடுப்பு. வெளியூர்க்காரருக்குப் புரியுமா?

இது நல்ல கேள்வி. நம் காதுக்கு அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பது இயல்பு. இந்தப் பழக்கம் இல்லாத ட்ரம்மர் வாயிலிருந்து முதல் எழுத்து வரும் இடத்தையே சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் பாட்டு முழுக்க ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் கிக் விழும். வாசிப்பில் ஒரு தப்பும் இருக்காது, பாட்டு மட்டும் தலைகீழாக நிற்கும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். கைடின் முதல் இரண்டு பாரில் க்ளிக்கோடு சேர்ந்து உங்கள் குரலிலேயே எண்ணிப் பதிவு செய்யுங்கள். வரிகள் எழுதிய தாளில், சமம் எந்த எழுத்தின்மேல் விழுகிறதோ அந்த எழுத்தை வட்டமிடுங்கள்.

மிஸ்ர சாப்பு (ஏழு எண்ணிக்கைத் தாளம்), கண்ட சாப்பு (ஐந்து எண்ணிக்கை) என்றால் இன்னொரு எச்சரிக்கை. வெறும் 7/8 என்று எழுதினால் 4+3 ஆகவும் பிரித்து வாசிக்கலாம். நமக்கு வேண்டியது தகிட தகதிமி, அதாவது 3+4. கண்ட சாப்பு தக தகிட, 2+3. எண்களை இப்படிப் பிரித்து எழுதுங்கள், கூடவே நாலு ஆவர்த்தனம் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள். பெங்களூரு ட்ரம்மருக்கும் புரியும், பெர்லின் ட்ரம்மருக்கும் புரியும்.

எப்படி வாசிக்கணும்னு சொல்ல எனக்கு ட்ரம்ஸ் பாஷை தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. “பவரா வேணும்”, “சோல் இருக்கணும்” என்பவைதான் உதவாத வார்த்தைகள். பகுதி பகுதியாக உங்களுக்குக் கேட்பதை எழுதுங்கள்: முன்னிசையில் ட்ரம்ஸ் வேண்டாம், முதல் சரணத்தில் குச்சியால் ஸ்னேர் விளிம்பைத் தட்டுவது மட்டும், இரண்டாம் பல்லவியில் முழுக்கத் திறந்துவிடலாம், 2:10இல் எல்லாரும் நிற்கிறோம், அவரும் நிற்க வேண்டும். மாதிரிக்கு இரண்டு பாட்டு காட்டலாம். எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள்: முதல் பாட்டின் ஸ்னேர் சத்தம், இரண்டாவது பாட்டின் நடை. பத்துப் பாட்டு அனுப்பினால் அவர் எதையும் கேட்காமல் விட்டுவிடுவார்.

எது கட்டாயம், எது அவர் இஷ்டம் என்று பிரித்து எழுதுவது இதைவிட முக்கியம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த தன் அப்பாவைப் பற்றி ஒருவர் பாட்டு எழுதியிருந்தார். ட்ரம்மர் கன்னடக்காரர். வரிகளின் அர்த்தத்தை எழுதி அனுப்பி, இரண்டாம் சரணத்தை மட்டும் ‘உங்கள் விருப்பம்’ என்று விட்டோம். அவர் ஹைஹேட்டின் மேல்தட்டில் நாலைந்து சலங்கை மணிகளைக் கட்டி வாசித்து அனுப்பினார். மிதிக்கும்போதெல்லாம் மெல்லிசாக ஒரு கிலுக்கு. பாட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அர்த்தம் எழுதாமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது.

பறையும் தவிலும் ஏற்கெனவே எடுத்தாச்சு. அதோட ட்ரம்ஸ் ஒட்டுமா?

ஒட்டும், ட்ரம்மர் அவற்றைக் கேட்டுக்கொண்டே வாசித்தால். கைடில் பறை, தவில் தனித்தனிக் கோப்பாகப் போகட்டும். தவிலின் தொப்பிப் பக்கமும் (கனத்த சத்தம் தரும் முகம்) கிக்கும் ஒரே அடித்தளத்துக்குப் போட்டி போடும்; தவில் அடர்த்தியாக ஓடும் இடங்களில் கிக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். பறையில் மெல்லிய நீளக் குச்சி தரும் படபடப்பு ஸ்னேரின் சின்னத் தட்டுகள் இருக்கும் அதே இடத்தில் விழும். அங்கே ஸ்னேர் நேராக, எளிமையாக இருந்தால் பறை மேலே நிற்கும். என் அபிப்பிராயத்தில், பறை இருக்கும் பாட்டில் பறைதான் முன்னால். ட்ரம்ஸ் பின்னால் தோள் கொடுக்கட்டும்.

க்ளிக் இல்லாமல் எடுத்த பறை என்றால் மேலே சொன்ன டெம்போ மேப்தான் வழி. இன்னொன்று, பறை எடுக்கப் போகிறவர்களுக்கு: தோல் ஈரத்துக்கு இறங்கும். ஏற்காட்டுப் பனியில் காய்ச்சிய பறை சீக்கிரமே தளர்ந்துவிடும், டேக்குக்கு டேக் சத்தம் மாறும். இடையிடையே காய்ச்சிக்கொள்ளுங்கள். ட்ரம் செட்டில் இப்போது பிளாஸ்டிக் தோல்தான் என்பதால் ட்ரம்மருக்கு இந்தக் கவலை குறைவு.

ஃபைல் வந்துருச்சு, பதினாலு ட்ராக் இருக்கு. எதுக்கு இத்தனை?

கிக்குக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று, ஸ்னேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, டாம் என்ற உருண்டை ட்ரம்களுக்கு மூன்று, ஹைஹேட் ஒன்று, ரைடு என்ற பெரிய சிம்பலுக்கு ஒன்று, மேலே ஓவர்ஹெட் இரண்டு, அறையில் இரண்டு, சில சமயம் கூடுதலாக ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து பயப்பட வேண்டாம். முதலில் ஓவர்ஹெட் இரண்டை மட்டும் கேளுங்கள். முழு ட்ரம் செட்டும் அதில் இருக்கும். பிறகு கிக், பிறகு ஸ்னேர். பல பாட்டுக்கு இந்த நாலைந்தே போதும்.

ஸ்னேரின் மேல் மைக்கும் கீழ் மைக்கும் எதிரெதிர் பக்கமிருந்து கேட்பதால் ஒன்றையொன்று தின்னும். கீழ் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள், எதில் சத்தம் தடிமனாக இருக்கிறதோ அதுதான் சரி. ட்ரம்மர் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருக்கவும் கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியா வச்சும் பாட்டோட ஒட்டல. இழுக்குது.

முதலில் நீளத்தைப் பாருங்கள், 44.1/48 கேள்வியில் சொன்னபடி. நீளம் சரியாக இருந்து எல்லா அடியும் ஒரே அளவு பின்தங்கினால் எம்பி3 கைடோ, அவர் கருவியின் தாமதமோ காரணம். அப்போது பதினாலு ட்ராக்கையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒன்றாக நகர்த்துங்கள். ஸ்னேரை மட்டும் தனியாக இழுத்து ஒட்டாதீர்கள். சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி நொடி எடுக்கும். தலைக்கு மேலே இருக்கும் மைக்கில் ஸ்னேர் அந்த அளவு தாமதமாகத்தான் விழ வேண்டும். அந்த உறவைக் கலைத்தால் ட்ரம்ஸ் மெலிந்துவிடும். இது தொல்லையாகத் தோன்றினால் அடுத்த தடவை அவரைப் பாட்டுக்கு முன்னால் க்ளிக்கோடு நாலு குச்சித் தட்டு தட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். வைத்துப் பார்க்க ஒரு அடையாளம் கிடைக்கும்.

எல்லா அடியையும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். காசு கொடுத்து மனிதர் கையை வாங்கிவிட்டு அதை இயந்திரமாக்குவது எதற்கு?

நாங்க ஏற்காட்டுல மேல இருக்கோம், நெட்டு இழுக்கும். இவ்ளோ பெரிய ஃபைல் எப்படி?

கணக்கு இதுதான். 24 பிட், 48இல் ஒரு மைக் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. பதினாலு மைக், நாலு நிமிடம் என்றால் 480 எம்பிக்குப் பக்கம். மூன்று டேக் என்றால் ஒன்றரை ஜிபி. நீங்கள் அனுப்பும் கைடு இதில் ஒரு சிறு பங்குதான், அது ராத்திரியில் ஏறிவிடும். வருவதுதான் பெரிது. அவரை ஒரு எம்பி3 முன்னோட்டம் அனுப்பச் சொல்லி, அதைக் கேட்டு டேக்கைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றை மட்டும் இறக்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற நாளில் கீழே வைத்து இறக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தரத்தைக் குறைத்து அனுப்பச் சொல்வதுதான் வேண்டாம்.

வாசிச்சது பிடிக்கலைன்னா எப்படிங்க சொல்றது? சங்கடமா இருக்கு.

சொல்லாமல் விட்டால்தான் சங்கடம், பாட்டு காலத்துக்கும் அப்படியே இருக்கும். வந்த அன்றே பதில் போடாதீர்கள். புதிதாகக் கேட்கும் எதுவும் முதலில் அந்நியமாகத்தான் தெரியும். ஒரு நாள் விட்டுக் கேளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரே செய்தியில் எழுதுங்கள்: 1:42இல் அந்த உருட்டல் வேண்டாம், 2:30 முதல் ரைடுக்குப் பதில் ஹைஹேட். பிடித்த இடங்களையும் எழுதுங்கள், இல்லையென்றால் அவர் அதையும் மாற்றிவிடுவார்.

அவர் தாளில் இருந்ததைத் தவறவிட்டிருந்தால் இலவசமாகத் திருத்த வேண்டியது அவர் பொறுப்பு. நீங்கள் இப்போது ஒரு சரணத்தைச் சேர்த்தாலோ வேகத்தை மாற்றினாலோ அது புது வேலை, அதற்குப் பணம் கொடுப்பதுதான் முறை.

நிஜமாவே வாசிச்சாரா, இல்ல மென்பொருள்ல போட்டு ஏமாத்தறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

டாம் மைக்கை மட்டும் தனியாகக் கேளுங்கள். டாம் அடிக்காத நேரத்திலும் ஸ்னேரும் சிம்பலும் தூரத்தில் கசிந்து கேட்க வேண்டும். சுத்தமான அமைதி இருந்தால் வெட்டி அனுப்பினாரா என்று கேளுங்கள். ஆனால் நல்ல ட்ரம் மென்பொருள்களிலும் இந்தக் கசிவு உண்டு, ஆகவே அது மட்டும் சாட்சி ஆகாது. வேலை தொடங்கும் முன்பே, வாசிக்கும்போது போனில் முப்பது நொடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார், பலர் கேட்காமலே அனுப்புவார்கள்.

மின் ட்ரம்ஸில் வாசித்து மிடியாகத் தருபவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அதுவும் ஆள் வாசித்ததுதான். விலை பேசும்போது அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

எங்க அப்பா காலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிச்சாங்க. அந்த மாதிரி வீடியோ கால்ல சேர்ந்து வாசிக்க முடியாதா?

1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் வளைவை ஏற்காடு சாலையில் கடக்கும்போதெல்லாம் எனக்கும் இந்த ஏக்கம் வரும். சேர்ந்து வாசிப்பது முடியாது. 92 வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 652 மில்லி நொடி. வீடியோ காலில் சத்தம் போய்ச்சேர 150 மில்லி நொடி ஆனாலே கிட்டத்தட்ட ஒரு தாள அடியில் கால் பங்கு தள்ளிப் போச்சு. ஆனால் கூட இருப்பது முடியும். அவர் தனியாக வாசிக்க, நீங்கள் வீடியோ காலில் கேட்டு, டேக்குக்கு நடுவே பேசலாம். முதல் கேள்வியில் சொன்ன அந்த முகம் ஓரளவு திரும்பக் கிடைக்கும். சத்தத்தின் தரத்தை மட்டும் அதில் எடை போடாதீர்கள்.

காசு குடுத்துட்டேன். அப்ப ட்ராக் முழுக்க என்னோடதுதானே?

காசு மட்டும் போதாது, எழுத்து வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதன் தயாரிப்பாளருக்கு. முன்முயற்சியும் பொறுப்பும் எடுப்பவரே தயாரிப்பாளர். அவர் ஸ்டுடியோவில், அவர் மைக்கில் பதிவானதற்குத் தயாரிப்பாளர் யார் என்பதில் பின்னால் வாய்ச்சண்டை வரலாம். அதோடு, வாசித்தவருக்குக் கலைஞர் என்ற முறையில் தனி உரிமை உண்டு, அது 50 ஆண்டு நிற்கும். உரிமையை எழுதி வாங்கும்போதும் கவனம்: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உலகம் முழுக்கப் போகும் பாட்டுக்கு இது போதாது.

நான் ஒரு பக்கக் கடிதம் வைத்திருக்கிறேன். பாட்டின் பெயர், தேதி, தொகை, தயாரிப்பாளர் யார், எந்தக் காலத்துக்கு, எந்தெந்த ஊடகங்களில், உலகம் முழுக்கவா என்பது, பெயர் எப்படிப் போட வேண்டும் என்பது. வேலை தொடங்கும் முன் இருவரும் கையெழுத்து. பெரிய பணம் புழங்கும் பாட்டு என்றால் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அவர் பேரைப் போட்டே ஆகணுமா?

போடுங்கள். வாசித்தவராக அடையாளம் காட்டப்படும் உரிமையை 2012 சட்டத் திருத்தம் கலைஞருக்குத் தந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் போட வேண்டியதுதான். அவர் பெயரை அவர் எழுதுகிற எழுத்திலேயே கேட்டு வாங்கிப் போடுங்கள்.

நம்ம ஊர்லயே சர்ச்ல நல்லா வாசிக்கற பையன் இருக்கான். அவனை வச்சு எடுக்க வழியே இல்லையா சார்?

இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் பிடித்த வழியும். பதினாலு மைக் வேண்டாம், நாலு போதும். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, ஸ்னேருக்கு நேர் மேலே ஒன்று, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு வெளியே ஸ்னேரைப் பார்த்தபடி ஒன்று. கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் பெயரால் அறியப்படும் முறை இது. நாலு மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் ஆயிற்று. இடத்துக்கு, தறி ஓடாத நாளில் ஒரு கல்யாண மண்டபமோ, ஏற்காட்டில் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் காப்பிக் கிடங்கோ கேட்டுப் பாருங்கள். வெறும் சுவர் என்றால் சத்தம் எதிரொலித்துக் குழையும், ட்ரம்ஸுக்குப் பின்னால் நாலு ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: மேல் மைக்கும் ஃப்ளோர் டாம் பக்க மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்னேரின் நடுவில் ஒரு கயிற்றின் நுனியைப் பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேல் மைக் வரை இழுத்து அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை ஃப்ளோர் டாம் பக்க மைக்குக்கு இழுத்து, அதுவும் அந்த முடிச்சிலேயே வந்து நிற்கும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். அப்புறம் பதிவு பட்டனை அழுத்தலாம்.